நன்றிக் குறிப்பேடும் குழுக் கூட்டமும்

இரவு படுக்கும் முன் அன்றைக்கு நடந்த மூன்று நல்ல விஷயங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். அவை ஏன் நடந்தன என்றும் ஒரு வரி குறித்து வையுங்கள். ஒரே வாரத்தில் மகிழ்ச்சி கூடும். ஐ.டி. நிறுவனப் பயிற்சி வகுப்பு, பள்ளி ஆண்டுவிழா மேடை, யூடியூப் பேச்சு, சுயமுன்னேற்றப் புத்தகம் என்று இந்த யோசனை இன்று எங்கும் காதில் விழுகிறது. ‘ஆராய்ச்சியில் நிரூபித்திருக்கிறார்கள்’ என்று கூடவே ஒரு வரியும் வரும். அந்த வரி பொய்யில்லை. ஆனால் அது பாதிக் கதை. எந்த மகிழ்ச்சி கூடும், எவ்வளவு கூடும், எத்தனை நாள் நிற்கும், யாருக்குக் கூடும் என்ற கேள்விகளுக்கு அதே ஆராய்ச்சிகள் தனித்தனிப் பதில்களை வைத்திருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம். தனியாக உட்கார்ந்து செய்யும் பயிற்சி நாளின் மனநிலையைத் தொடுகிறது; வாழ்க்கை நிறைவு என்று நாம் சொல்வதைத் தொட வேண்டுமானால் அந்தப் பயிற்சி பிறரோடு சேர்ந்து செய்யும் காரியமாக மாற வேண்டியிருக்கிறது. இதை உரசிப் பார்க்கத் தர்மபுரி மாவட்டம் பொருத்தமான இடம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு, பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போகும் குடும்பங்கள் என்று துன்பத்தின் காரணங்கள் அங்கே வெளிப்படையாகத் தெரியும். தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் பிறந்ததும் அங்கேதான்.

முதலில், மகிழ்ச்சி என்று எதைச் சொல்கிறோம்? பென்னாகரம் பக்கத்தில் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். கணவர் பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார். மனைவி ஊரில் மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, மானாவாரி நிலத்தில் ராகி போட்டு, நான்கு ஆடுகளும் வளர்க்கிறார். அவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். நேற்றைய பொழுது எப்படிப் போனது, சிரித்தீர்களா, கவலைப்பட்டீர்களா என்பது முதல் கேள்வி. மொத்தத்தில் உங்கள் வாழ்க்கை எப்படிப் போகிறது என்பது இரண்டாவது. நீங்கள் செய்யும் காரியங்களுக்கு ஓர் அர்த்தம் இருப்பதாக, உங்கள் கையில் ஏதோ ஒன்று வளர்வதாக நினைக்கிறீர்களா என்பது மூன்றாவது. நேற்று பிள்ளைகளோடு சிரித்துப் பேசியதால் முதல் கேள்விக்கு நல்ல பதில் வரலாம். வட்டிக் கடன் தலைக்கு மேல் இருப்பதால் இரண்டாவதற்கு நேர்மாறான பதில் வரலாம். பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பியே தீருவேன் என்ற பிடிவாதம் மூன்றாவதற்குப் பெரிய ‘ஆமாம்’ தரலாம். மூன்று பதில்களும் ஒரே ஆளுடையவை, மூன்றும் உண்மை.

உளவியலாளர்கள் இந்த மூன்றையும் பிரித்தே அளக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் எட் டீனர் 1984இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, நல்ல உணர்வுகளும் கெட்ட உணர்வுகளும் ஒருபுறம், வாழ்க்கைத் திருப்தி மறுபுறம் என்று வைத்து ஆராயும் வழக்கம் வேரூன்றியது. வாழ்க்கையைப் பத்துப் படி ஏணியாக நினைத்து, நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்பது ஹாட்லி கேன்ட்ரில் வகுத்த முறை. ஆண்டுதோறும் நாடுகளை வரிசைப்படுத்தும் உலக மகிழ்ச்சி அறிக்கை இந்த ஏணியைத்தான் பயன்படுத்துகிறது. அன்றாடச் சிரிப்பை வைத்து அது நாடுகளை வரிசைப்படுத்துவதில்லை. மூன்றாவது வகைக்கு 1989இல் கேரல் ரிஃப் ஆறு கூறுகளைச் சொன்னார்: தன்னை ஏற்றுக்கொள்ளுதல், நல்ல உறவுகள், சுயமாக முடிவெடுத்தல், சூழலைச் சமாளிக்கும் திறன், வாழ்வில் நோக்கம், வளர்ச்சி. இந்தப் பிரிவினை ஏட்டளவில் நிற்பதில்லை. டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் 2010இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், வருமானமும் கல்வியும் ஏணிப் படியோடு நெருக்கமாக இணைந்திருந்தன. உடல்நலக் குறைவு, தனிமை, நோயாளியைக் கவனிக்கும் சுமை ஆகியவை அன்றாட உணர்வோடு இணைந்திருந்தன. குறிப்பிட்ட வருமானத்துக்கு மேல் அன்றாட மகிழ்ச்சி உயராது என்ற அவர்களுடைய இன்னொரு முடிவை 2023இல் கானமனே மற்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து திருத்தினார். இரண்டு மகிழ்ச்சிகளுக்கும் வேர்கள் வேறு என்பது மட்டும் நிற்கிறது.

பயிற்சிகளின் கதைக்கு வருவோம். 1998இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவரான மார்ட்டின் செலிக்மன், மனநோயை மட்டும் ஆராயாமல் மனநலத்தையும் ஆராய வேண்டும் என்று அறைகூவல் விடுத்தார். நேர்மறை உளவியல் ஒரு துறையாக நிலைபெற்றது அங்கிருந்துதான். 2005இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் இணையம் வழியாக 577 பேரைச் சேர்த்து ஒரு சோதனை நடத்தினார்கள். கடைசிவரை நின்றவர்கள் 411 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு வாரத்துக்கு ஒரு பயிற்சி. சிலர் மூன்று நல்ல விஷயங்களை எழுதினார்கள். சிலர் தங்களுடைய சிறந்த குணம் ஒன்றைத் தினமும் புதிய விதத்தில் பயன்படுத்தினார்கள். சிலர், தாங்கள் முறையாக நன்றி சொல்லாமல் விட்ட ஒருவருக்குக் கடிதம் எழுதி, நேரில் போய்ப் படித்துக் காட்டினார்கள். இன்னொரு பிரிவினருக்கு இளமைக்கால நினைவுகளை எழுதும் வெற்றுப் பயிற்சி தரப்பட்டது. நேரில் போய் நன்றி சொன்னவர்களின் மகிழ்ச்சி உடனே மிக அதிகமாக எகிறியது. ஒரு மாதம் நின்றது. மூன்றாம் மாதத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. மூன்று நல்ல விஷயங்களை எழுதியவர்களுக்கும் குணத்தைப் பயன்படுத்தியவர்களுக்கும் ஏற்றம் மெதுவாக வந்தது, ஆறு மாதம் நின்றது. அதிலும், ஒரு வாரத்தோடு நிறுத்தாமல் தாங்களாகவே தொடர்ந்தவர்களுக்கே நீண்ட பலன். வெற்றுப் பயிற்சி செய்தவர்களுக்குக்கூட முதலில் கொஞ்சம் மகிழ்ச்சி கூடியது என்பதையும் மறக்கக் கூடாது. ஏதோ ஒன்றைச் செய்கிறோம் என்ற நினைப்புக்கே ஒரு சக்தி இருக்கிறது.

ஒரு சோதனையை நம்பி முடிவுக்கு வர முடியாது. 2013இல் லிண்டா போலியர் தலைமையிலான நெதர்லாந்துக் குழு, இப்படிப்பட்ட 39 ஆய்வுகளை, மொத்தம் 6,139 பங்கேற்பாளர்களின் தரவுகளை, ஒன்றாகச் சேர்த்து அலசியது. உணர்வும் திருப்தியும் அடங்கிய மகிழ்ச்சிக்குக் கிடைத்த விளைவு 0.34. ரிஃப் சொன்ன வகையைச் சேர்ந்த வாழ்வின் நிறைவுக்குக் கிடைத்தது 0.20. இந்த எண்களைச் சாதாரணக் கணக்கில் சொல்லலாம். பயிற்சியால் ஒரு பயனும் இல்லையென்றால், பயிற்சி செய்தவர்களில் நடுவாந்தரமான ஒருவர், செய்யாத 100 பேரில் 50 பேரைத்தான் தாண்டியிருப்பார். முதல் வகை மகிழ்ச்சியில் அவர் சுமார் 63 பேரைத் தாண்டுகிறார். நிறைவு என்னும் வகையில் சுமார் 58 பேரை. மூன்று முதல் ஆறு மாதம் கழித்து அளந்தபோது இரண்டும் மேலும் குறைந்திருந்தன, ஆனால் மறைந்துவிடவில்லை. பயிற்சிகள் இனிமையை எளிதில் கூட்டுகின்றன, நிறைவைக் கொஞ்சமாகவே கூட்டுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் தேவையில்லை. காரணமும் விளங்காததல்ல. நோட்டில் எழுதுவது கவனத்தைத் திருப்புகிறது. இருந்தும் கண்ணில் படாத நல்லதைக் கண்ணில் படவைக்கிறது. உறவும் திறனும் நோக்கமும் கவனத்தால் மட்டும் உண்டாகிற சரக்கு இல்லை. அவற்றுக்கு இன்னொரு மனிதர் வேண்டும், ஒரு வேலை வேண்டும், காலமும் வேண்டும்.

பயிற்சியின் திசையை மாற்றினால் தொடும் மகிழ்ச்சியும் மாறுகிறது என்பதை 2016இல் வெளியான இன்னொரு சோதனை காட்டியது. கேத்ரின் நெல்சன், சோன்யா லியுபோமிர்ஸ்கி முதலானோர் நடத்திய அதில் 473 பேர் கலந்துகொண்டார்கள். சிலர் பிறருக்கு உதவிகள் செய்ய வேண்டும். சிலர் ஊருக்கோ உலகுக்கோ நன்மை தரும் காரியங்கள் செய்ய வேண்டும். சிலர் தங்களைத் தாங்களே சீராட்டிக்கொள்ள வேண்டும். பிறருக்கோ பொதுவுக்கோ செய்தவர்களிடம், உறவும் நோக்கமும் தன்மதிப்பும் அடங்கிய நிறைவு கூடியது. தனக்கே நல்லது செய்துகொண்டவர்களிடம் அது கூடவில்லை. ‘உங்களுக்கென்று நேரம் ஒதுக்குங்கள்’ என்பதுதான் இன்றைய மகிழ்ச்சி வியாபாரத்தின் தாரக மந்திரம். ஓய்வு எல்லோருக்கும் வேண்டியதே, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஓய்வைக் கொடுத்துவிட்டு நிறைவை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். இந்த எண்களையே நம்பலாமா? நம்பலாம், ஆனால் இன்னும் கொஞ்சம் குறைத்து. 2019இல் வெளியான ஒரு மறு அலசல், சிறிய ஆய்வுகளில் தற்செயலாகக் கிடைத்த பெரிய முடிவுகளைக் கழித்துவிட்டுப் பார்த்து, பயிற்சிகளின் பலன் முன்பு சொல்லப்பட்டதைவிட மிகவும் சிறியது என்று கண்டது. 2023இல் டன்னிகன் ஃபோக், எலிசபெத் டன் இருவரும், ஊடகங்கள் அதிகம் பரிந்துரைக்கும் ஐந்து வழிகளை எடுத்து, போதுமான ஆள்பலமோ முன்பதிவு செய்த திட்டமோ உள்ள சோதனைகளை மட்டும் தேடினார்கள், தேறியவை 57. நன்றி சொல்வதும் பிறரோடு பழகுவதும் மனநிலையைக் குறைந்தபட்சம் கொஞ்ச நேரத்துக்காவது உயர்த்துகின்றன என்பதற்கு ஆதாரம் இருந்தது. மற்ற வழிகளுக்கு உறுதியான ஆதாரம் குறைவு. ‘உங்கள் மகிழ்ச்சியில் 40 சதவீதம் உங்கள் கையில்’ என்று மேடைகளில் முழங்குகிறார்களே, அதற்கும் இதே கதிதான். 2005இல் லியுபோமிர்ஸ்கியும் தோழர்களும் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த அந்த எண், மக்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைப் பற்றிய ஒரு தோராய மதிப்பீடு. தனி மனிதரின் மகிழ்ச்சியைக் கூறுபோட்டுச் சொன்னதல்ல. அதை முன்வைத்தவர்களே பின்னாளில் அதன் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

அடுத்த சந்தேகம் நமக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்கப் படிப்பாளிகளிடம் பலித்தது நம்மிடம் பலிக்குமா? 2017இல் லியுட்மிலா டிட்டோவாவும் உடன் ஆய்வாளர்களும் ஆங்கிலோ அமெரிக்கர்களையும் இந்தியர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நன்றிப் பயிற்சி செய்த அமெரிக்கர்களுக்கு நல்ல உணர்வுகள் கூடின. இந்தியர்களுக்கு நல்ல உணர்வுகளோடு துக்கமும் குற்ற உணர்வும் சேர்ந்து கூடின. நம் வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு இது அதிசயமாகத் தோன்றாது. படிக்க வைத்த அக்காவிடம், நிலத்தை விற்றுக் கட்டணம் கட்டிய அப்பாவிடம் நாம் வாயால் நன்றி சொல்வதில்லை. சொன்னால் ‘என்னடா, அந்நியன் மாதிரி பேசுற’ என்பார்கள். நன்றி நம்மிடம் ஒரு கடனாக, தீர்க்க வேண்டிய பொறுப்பாக இருக்கிறது. திருக்குறளின் பதினோராம் அதிகாரம் அதை ஓர் அறமாகவே வைத்திருக்கிறது. அதை நோட்டில் எழுதும்போது ‘இன்னும் ஒன்றும் திருப்பிச் செய்யவில்லையே’ என்ற எண்ணமும் கிளம்பத்தான் செய்யும். இதை வைத்துப் பயிற்சி நமக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். அந்தக் குற்ற உணர்வு ஒரு சைகை. எழுதியதோடு நிறுத்தாதே, ஏதாவது செய் என்கிறது. அன்றாட உணர்வின் கணக்கில் நஷ்டமாகத் தெரிவது, உறவின் கணக்கில் முதலீடாக மாறக் கூடும்.

அந்தச் செயலுக்கு இடம் எங்கே இருக்கிறது என்று தேடினால் தர்மபுரி வருகிறது. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1989இல் அங்கே தொடங்கிய குழுக்கள்தான் பிறகு மாநிலம் முழுவதும் பரவின. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள், குறித்த நாளில் கூட்டம், ஆளுக்கு ஒரு சிறு சேமிப்பு, அதிலிருந்து உள்கடன், தீர்மான நோட்டில் கையெழுத்து, வங்கிக்குப் போய் வரும் ஊக்குநர், பிரதிநிதிகள். இதை யாரும் மகிழ்ச்சிப் பயிற்சி என்று சொன்னதில்லை. ஆனால் ரிஃபின் ஆறு கூறுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பல கூறுகள் அங்கே வாராவாரம் பழக்கப்படுகின்றன. கைநாட்டு வைத்தவர் கையெழுத்துப் போடுவது வளர்ச்சி. யாருக்கு முதலில் கடன் என்று கூடிப் பேசித் தீர்ப்பது சுயமாக முடிவெடுத்தல். வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்து பேசுவது சூழலைச் சமாளிக்கும் திறன்.

ஆனால் இதிலும் ஆதாரம் சொல்வதைத்தான் ஏற்க வேண்டும், ஆசை சொல்வதை அல்ல. கேரின் ப்ரோடியும் பிறரும் 2015இல் சுய உதவிக் குழுக்களைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி அலசினார்கள். எண்களால் அளந்த ஆய்வுகள் 23, பெண்களிடம் நேரில் பேசி எழுதியவை 11. பொருளாதாரத்திலும் சமூகத்திலும் அரசியலிலும் பெண்களின் பலம் கூடியிருந்தது. உளவியல் பலம் கூடியதற்கு எண் ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. நேர்காணல்களிலோ, பேசத் துணிவு வந்தது, வீட்டில் மதிப்புக் கூடியது என்று பெண்கள் சொன்னார்கள். குழுவில் கடைசிவரை நின்றவர்களின் குரலே நேர்காணல்களில் அதிகம் கேட்டிருக்கும் என்பதையும், பரம ஏழைகள் பெரும்பாலும் குழுவுக்குள்ளேயே வருவதில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நோட்டு நாளின் மனநிலையைத் தொட்டது, ஊர் வாழ்க்கையைத் தொடவில்லை. குழு ஊர் வாழ்க்கையைத் தொட்டது, மனதைத் தானாகத் தொட்டுவிடவில்லை. தவணை வசூலிப்பதற்காக மட்டும் கூடும் குழு தவணையை மட்டும்தான் கொடுக்கும். தனியார் நுண்கடன் குழுக்களில் ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டி வருகிறது. அங்கே கூடுவதே அவமானமாகிவிடுகிறது. ஆகவே கூடுவது மட்டும் போதாது. கூடி என்ன செய்கிறோம் என்பதுதான் விஷயம்.

இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்குப் பீகாரிலிருந்து ஒரு நல்ல சான்று இருக்கிறது. கார்ஸ்டோன் என்ற அமைப்பு, கிராமப்புற அரசுப் பள்ளிகளில் ஆயிரக்கணக்கான வளரிளம் பெண்களுக்கு ‘கேர்ள்ஸ் ஃபர்ஸ்ட்’ என்ற பயிற்சியை அளித்தது. பாடம் நடத்தியவர்கள் உள்ளூர்ப் பெண்கள். சிறுமிகள் குழுவாக உட்கார்ந்து தங்கள் நல்ல குணங்களை அடையாளம் கண்டார்கள், கோபத்தையும் பயத்தையும் கையாளப் பழகினார்கள், ஒருவர் பிரச்சினையை எல்லோரும் சேர்ந்து அலசினார்கள். 2015இல் வெளியான சீரற்ற ஒதுக்கீட்டுச் சோதனை முடிவின்படி, மன உறுதி, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, உளவியல் நலம், சமூக நலம் ஆகியவை பயிற்சி பெறாதவர்களைவிட அதிகம் உயர்ந்தன. செலிக்மன் சோதனையில் தனியாளின் பயிற்சியாக இருந்த அதே ‘நல்ல குணம்’ இங்கே ஒரு வட்டத்துக்குள் வந்திருக்கிறது. தொட்ட மகிழ்ச்சியும் நிறைவின் பக்கம் சாய்ந்திருக்கிறது. 2009இல் நான்சி சின்னும் லியுபோமிர்ஸ்கியும் செய்த தொகுப்பாய்வும் இதற்கு ஒத்துப்போகிறது: ஒரு வழிகாட்டியோடு நேருக்கு நேர் செய்தவர்களுக்குப் பலன் அதிகம், குழுவாகச் செய்தவர்களுக்கு அடுத்தபடி, தானாகவே படித்துச் செய்தவர்களுக்குக் கடைசி இடம்.

தர்மபுரி மாவட்டத்தின் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையே உள்ள சிட்டிலிங்கியில் இன்னொரு விளக்கம் கிடைக்கிறது. மருத்துவத் தம்பதி ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் அங்கே பழங்குடி மக்களுக்காக ஒரு மருத்துவ முயற்சியைத் தொடங்கினார்கள். உள்ளூர்ப் பெண்களே நலப் பணியாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். பின்னர் இயற்கை விவசாயிகளின் சங்கமும், லம்பாடிப் பெண்களின் ‘பொர்கை’ என்ற கைவினை அமைப்பும் உருவாயின. வழக்கொழிந்து கொண்டிருந்த லம்பாடித் தையல் வேலைப்பாட்டை, அதை நினைவில் வைத்திருந்த மூத்த பெண்களிடமிருந்து இளையவர்கள் கற்றார்கள். அது வருமானமும் ஆனது. இதை ஆய்வு முடிவாக அல்லாமல் ஓர் எடுத்துக்காட்டாக மட்டுமே சொல்கிறேன். ஆனால் ‘உங்கள் சிறந்த குணத்தைப் புதிய விதத்தில் பயன்படுத்துங்கள்’ என்ற செலிக்மனின் ஒரு வாரப் பயிற்சி, ஒரு சமூகம் முழுவதும் பல ஆண்டுகள் செய்தால் எப்படி இருக்கும் என்பதை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது. பாட்டியின் நினைவுக்கு மதிப்பு, பேத்தியின் கைக்குத் திறன், இருவருக்கும் ஓர் உறவு, கூடவே கூலி.

இந்த இடத்தில் மிகக் கடுமையான ஆட்சேபம் வரும். வறுமையில் இருப்பவர்களிடம் மகிழ்ச்சிப் பயிற்சியைப் பற்றிப் பேசுவதே அவர்களை உள்ளதோடு திருப்திப்பட வைக்கும் தந்திரம் இல்லையா? பயிற்சியை உரிமைக்குப் பதிலாக நீட்டினால், ஆம், அது தந்திரமேதான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால் அந்த நீர் குடிக்க ஏற்றதல்ல என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படிப்பட்ட நீரைப் பல ஆண்டுகள் குடித்துப் பல்லில் கறையும் மூட்டில் வலியும் வந்தவருக்கு எந்த நோட்டும் தீர்வாகாது. ஜப்பானியக் கடனுதவியோடு கட்டி 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போன்றவைதான் அங்கே தேவை. 1992இல் அரசு ஊழியர்களின் வன்முறைக்கு ஆளான, இதே மாவட்டத்தின் வாச்சாத்தி கிராம மக்களுக்கு வேண்டியிருந்தது நீதி. 2011இல் தர்மபுரி நீதிமன்றம் 215 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து, 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்யும்வரை அவர்கள் போராடினார்கள். அவர்களிடம் அந்த இடைவெளியில் போய் ‘நல்லதை நினையுங்கள்’ என்று சொல்லியிருந்தால் அது கொடுமை.

ஆனால் இந்த ஆட்சேபத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ராபர்ட் பிஸ்வாஸ்-டீனரும் எட் டீனரும் 2001இல் கொல்கத்தாவின் ஏழைகள் 83 பேரிடம் நடத்திய ஆய்வில், குடிசைவாசிகள், நடைபாதைவாசிகள், பாலியல் தொழிலாளர்கள் ஆகியோரின் ஒட்டுமொத்த வாழ்க்கைத் திருப்தி நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தது. குடும்பம், நட்பு, தன் குணம் போன்ற தனித்தனித் துறைகளில் திருப்தி நடுக்கோட்டுக்கு மேலே இருந்தது. ‘ஏழைகள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள்’ என்று இதைப் படிப்பவர் தவறாகப் படிக்கிறார். ஒட்டுமொத்தக் கணக்கில் வறுமை தன் விலையை வாங்கிவிடுகிறது. ஏழைக்குச் சோறு மட்டும் போதும், மனதைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்பவரும் தவறாகவே படிக்கிறார். உறவும் தன்மதிப்பும் அவர்களுக்கு இன்றே, இப்போதே முக்கியம். பணத்துக்கும் மனதுக்கும் உள்ள தொடர்பும் இப்படித்தான். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாம்களை அப்போதைய முதலமைச்சர் 2023 ஜூலை 24 அன்று தர்மபுரி மாவட்டம் தொப்பூரில்தான் தொடக்கிவைத்தார்; அப்போது அறிவித்த தொகை மாதம் ரூ.1,000. ஏழை நாடுகளில் இத்தகைய நேரடிப் பண உதவிகள் மனநலத்தை எவ்வளவு கூட்டுகின்றன என்று 2022இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு பார்த்தது: சராசரியாக 0.10. பயிற்சிகளின் எண்ணைவிட இது சிறியதாகத் தெரிகிறது என்பதற்காகப் பணத்தைவிடப் பயிற்சி மேல் என்று சொல்லிவிட முடியாது. பணத்தின் பலன் பெரும்பாலும் ஆண்டுக் கணக்கில் கழித்து அளக்கப்பட்டது. பயிற்சியின் பலன் சில வாரங்களில். பணம் அரிசிக்கும் மருந்துக்கும் ஆகிறது. மனநலம் அதன் உபரி. ஒன்றை இன்னொன்றுக்கு மாற்றாக நிறுத்தாதவரை இரண்டுக்கும் இடமிருக்கிறது.

இதெல்லாம் நம் முன்னோர்கள் எப்போதோ செய்ததுதானே என்று இன்னொரு குரல் கேட்கும். அதில் உண்மையுண்டு. மாட்டுப் பொங்கலும் ஆயுத பூஜையும் நன்றியைக் கையால், கூட்டமாக, ஆண்டுக்கொருமுறை செய்யும் ஏற்பாடுகள். வாரம் ஒருமுறை நன்றியை நினைத்தவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது, வாரம் மூன்று முறை நினைத்தவர்களுக்குக் கூடவில்லை என்று லியுபோமிர்ஸ்கியின் சோதனை ஒன்றில் தெரியவந்தது; அடிக்கடி செய்தால் சடங்கு சலித்துப்போகும் என்பது நம் பண்டிகை நாட்காட்டிக்கு முன்பே தெரிந்திருக்கிறது போலும். ஆனால் மரபில் யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பதைச் சாதியும் ஆண்மையும் எழுதி வைத்திருந்தன. வரப்பில் நின்றவருக்கு வயலில் குனிந்தவர் நன்றி சொன்னார். எதிர்ப்பக்கம் நன்றி வந்ததில்லை. கீழிருந்து மட்டும் மேலே போகும் நன்றி பணிவுதான், நிறைவு அல்ல. சமமாக உட்கார்ந்த வட்டத்தில் சொல்லப்படும் நன்றிக்கு இருக்கும் மதிப்பு அதற்குக் கிடையாது. அந்த வகையில், மரபு தராத ஒன்றைக் குழுக் கூட்டம் தர முடியும்.

அப்படியானால் நடைமுறையில் என்ன செய்வது? மனம் கொஞ்ச நாளாகச் சோர்ந்திருக்கிறது, நாள் கசப்பாகவே கழிகிறது என்றால் மூன்று நல்ல விஷயங்களை எழுதுவது மலிவான, தீங்கற்ற முதல் அடி. வாரத்தில் ஓரிரு நாள் போதும். சோர்வு நோயாக ஆழ்ந்துவிட்டால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுதான் வழி, நோட்டு அல்ல. வாழ்க்கை ஏணியில் கீழே நிற்பதாகத் தோன்றுகிறது, காரணம் கடனோ தண்ணீரோ வேலையோ என்றால் பயிற்சி அதைத் தொடாது. அதற்கு மனு, சங்கம், வாக்கு. வாழ்வில் ஒன்றுமே வளரவில்லை என்ற வெறுமைக்கு மருந்து இன்னொருவரோடு சேர்ந்து செய்யும் காரியத்தில் இருக்கிறது. ஏற்கெனவே கூடுகிற இடங்களே அதற்குப் போதும். குழுக் கூட்டத்தில் வரவு செலவு முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கலாம். இந்த மாதம் யார் யாருக்கு எதில் தோள் கொடுத்தார் என்று சொல்லலாம். கணக்கில் கெட்டிக்காரியிடம் கணக்கை, பேச்சில் கெட்டிக்காரியிடம் வங்கியைக் கொடுத்து, அடுத்த ஆண்டு வேலையை மாற்றிப் பழக்கலாம். மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிரிக்கும் அரசுப் பள்ளிகளின் ‘மகிழ் முற்றம்’ திட்டத்திலும், போட்டிப் புள்ளிகளோடு ஒருவர் குணத்தை மற்றவர் கண்டு சொல்லும் நேரத்தையும் சேர்க்கலாம். செலவு ஏதுமில்லை. பலன் சிறிதாகத்தான் இருக்கும். சிறிய பலன் பெரிய கூட்டத்துக்குக் கிடைத்தால் அது சிறிய விஷயமில்லை.

மகிழ்ச்சியைக் கூட்டுகிறேன் என்று இனி யார் வந்தாலும், அது அரசாக இருந்தாலும் நிறுவனமாக இருந்தாலும் பேச்சாளராக இருந்தாலும், எந்த மகிழ்ச்சியை என்று கேட்க வேண்டும். நாளின் இனிமை என்றால் ஒரு நோட்டும் பேனாவும் போதும், அதை நன்றியோடு வாங்கிக்கொள்ளலாம். வாழ்க்கையின் திருப்தி என்றால் கூலி, குடிநீர், நீதி எங்கே என்று கேட்க வேண்டும். நிறைவு என்றால் நாங்கள் யாரோடு சேர்ந்து என்ன செய்யப் போகிறோம் என்று கேட்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரே சொல்லால் விற்பவரிடம்தான் நாம் ஏமாறுகிறோம்.